நியூட்ரலில் இறங்கிய வண்டி

மாமா,

இன்று காலை நம் வண்டியில் புளி மூட்டைகளோடு புதூர்நாட்டு மலையிலிருந்து திருப்பத்தூருக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். பின்னால் ஹாரன் மட்டும் கேட்டது, என்ஜின் சத்தம் இல்லை. ஒதுங்கி வழி விட்டேன். ஒரு பிக்கப் சத்தமே இல்லாமல் உருண்டு முந்திப் போனது. அது போன பிறகு பிரேக் கருகிய வாடை வந்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. யார்மேல் கோபம் என்கிறீர்களா? உங்கள்மேல்தான்.

அடிவாரத்து டீக்கடையில் அந்த டிரைவரைப் பிடித்தேன். "இன்னாப்பா, என்ஜினை ஆஃப் பண்ணிட்டா எறங்கற?"

"டீசல் விக்கிற வெலையில இன்னாக்கா பண்றது? உங்களுக்கு மட்டும் மரத்துல காய்க்குதா?" என்று சிரித்தான். நீங்கள் சிரித்த அதே சிரிப்பு.

இந்த வண்டியை வாங்கும்போதே வேண்டாம் என்றேன். "புளி கொஞ்ச நாள், பலா கொஞ்ச நாள். மத்த நாள்ல அதுக்குத் தீனி போட்டு கட்டுபடியாவுமா? வாடகை ஜீப்புல போய்ட்டு வர்லாம்" என்றேன். கேட்டீர்களா? சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய அன்றே உங்களுக்குத் தலைகால் புரியவில்லை. ரெண்டு மூட்டை சாமைக்கு ஒரு நடை. சும்மா ஒரு கல்யாண வீட்டுக்கு ஒரு நடை. ஊர்க்காரர் மூட்டையும் சேரட்டும் என்றால், "நம்ம வண்டி இருக்கசொல்ல இன்னாத்துக்குக் காத்துனு இருக்கணும்?" என்பீர்கள். கீழே விற்ற காசை ஏறும்போது வண்டியே குடித்துவிடும்.

அதைச் சரிக்கட்டத்தான் இறக்கத்தில் நியூட்ரலில் போட்டு என்ஜினை அணைத்தீர்கள். மலையில் பாதிப் பேர் செய்வதுதான். பக்கத்தில் உட்கார்ந்து எவ்வளவு கத்தியிருப்பேன்! "இது நம்ம மலைடீ, பயப்படாத" என்பீர்கள்.

நாலு பலாப்பழம் விற்க இறங்கிய அன்று மழை. என்ஜின் அணைந்த வண்டியில் பிரேக் கல்லாக இறுகி, எவ்வளவு மிதித்தும் பிடிக்காமல் போனது. வளைவில் மரத்தில் முட்டியது. வண்டிக்கு முகப்பு மட்டும்தான் நசுங்கியது. நீங்கள் போய்விட்டீர்கள்.

விற்றுவிடு என்றார்கள் எல்லோரும். உங்களைத் தின்ற வண்டியை இன்னொருவர் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை. ஓட்டக் கற்றுக்கொண்டேன். சொல்லிக்கொடுத்தவர் முதல் இறக்கத்திலேயே சொன்னார்: "கியர்ல வெச்சி ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்துடும்மா. இந்த மாதிரி வண்டி அப்ப டீசலே குடிக்காது."

வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஸ்டியரிங்கில் ஓங்கி அடித்தேன். கல்யாணமான நாளிலிருந்து உங்களை ஒருமையில் பேசாதவள், அன்று வாய்விட்டுக் கேட்டேன்: பாழாய்ப்போன மனுஷா, எதை மிச்சம் பிடிக்கச் செத்தாய்?

வண்டி கட்டுபடியாகிறதா என்று இப்போதும் கேட்கிறார்கள். ஊர் மூட்டை எல்லாம் சேர்ந்து வண்டி நிறையாமல் நான் சாவியைத் தொடுவதில்லை. ஏறும்போது மளிகைக்கடைச் சரக்கு இல்லாமல் ஏறுவதில்லை. கட்டுபடியாகிறது மாமா. அதுதான் வயிறு எரிகிறது. நீங்கள் இருக்கும்போதே ஆகியிருக்கும்.

அந்த வளைவு வந்ததும் இரண்டாவது கியருக்கு மாற்றுகிறேன். மலையே கேட்கும்படி என்ஜின் கத்துகிறது. அந்தச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்காது என்பதால் உங்களைத் திட்டித் தீர்க்கிறேன். இன்றும் தொண்டை கட்டும்வரை திட்டினேன். நாளைக்கும் லோடு இருக்கிறது.