மேஸ்திரியின் கண்ணில் வைத்த பொட்டு

ஆயுத பூஜை. காலை 10.20

பம்பு வார்ப்பு ஆலை, மூன்றாம் கூடம். பேசுவது உச்சிமாகாளி, கூட்டிப் பெருக்குகிறவன். எனக்கு எழுத்துத் தெரியாது. சுவரிலுள்ள இந்தப் பெட்டி நான் சொல்வதைத் திருத்தி எழுதிக்கொள்ளும். விடுமுறையில் உள்ளே இருப்பவர்கள் பதிய வேண்டும் என்பது விதி.

மிஷின்கள் எல்லாம் நலம். பூசணிக்காய் உடைத்தாயிற்று, பொரி கொடுத்தாயிற்று, ஆட்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். மிச்சம் நானும் எலக்ட்ரீசியன் செலினும்தான்.

இங்கே எந்த மிஷினும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. எல்லாவற்றுக்கும் அடியில் சக்கரத் தட்டு உண்டு. ஒரு கம்ப்யூட்டர் தனக்குள் இதே போல ஒரு பொய்க்கூடம் கட்டி, எது எங்கே நின்றால் வேலை சுருங்கும் என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கும். பிடித்துப்போனால் நிஜ மிஷின்களை நகர்த்தும். அதை நாங்கள் மேஸ்திரி என்போம். கூரையில் அதற்கு ஒரே ஒரு கண்ணாடிக் கண். அந்தக் கண் பார்த்ததுதான் பொய்க்கூடத்தில் இருக்கும்.

எல்லா மிஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு மேஸ்திரியை விட்டால் எப்படி என்று கடைசல்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். அவ்வளவு உயரம் ஏறுகிற ஆள் செலின் ஒருத்திதான், அவளோ கிறிஸ்தவப் பெண். "வேதக்காரப் பிள்ளையவா பொட்டு வைக்கச் சொல்லுதீய?" என்று கேட்டுக்கொண்டே கிரேனில் ஏறி, கண்ணாடியின் நட்டநடுவில் அப்பினாள். "கெட்டியா வெச்சிருக்கேன். இனி அந்தச் சவம் நம்மள மொறைக்காது." எல்லாரும் கை தட்டினோம்.

அன்று மாலை 4.05

ஒலிபெருக்கி சொன்னது: "கூடத்தின் நடுவில் காலி இடம் கண்டறியப்பட்டது. புதிய அமைப்பு தொடங்குகிறது."

நடுவில் இருப்பது ஆள் நடக்கிற மஞ்சள் கோட்டுப் பாதை. மேஸ்திரி அதைத் தொட்டதே கிடையாது. பொட்டுக்கு நேர் கீழே இருப்பதால் கோடு அதற்குத் தெரியவில்லை. அந்தப் பாதையில் உள்ள கேபிள் குழிக்குள் செலின் எலி கடித்த வயரைத் தேடிக்கொண்டிருந்தாள். குழியைவிட்டு மேலே ஏறி வருவதற்குள் பிரஸ்களும் கடைசல் மிஷின்களும் சுற்றி வந்து நின்றுவிட்டன.

வாக்கி-டாக்கியில் கூப்பிட்டாள். "பெரியப்பா, கோழியக் கூடையப் போட்டுக் கவுத்த மாதிரி இருக்கேன்."

"அடி பட்டிச்சா தாயி?"

"இல்ல. பசிக்கி. அங்கன இருக்க பொரி பூராத்தையும் நீங்களே தின்னுப்புடாதீய."

மாலை 5.30

சென்னையிலிருந்து இன்ஜினியர் நிரஞ்சன் பேசினார். "ஐயா, இங்கேருந்து நிறுத்தச் சொல்லி உத்தரவு அனுப்பினா, 'தளத்தில் ஆள் இல்லை, ஆபத்து இல்லை'ன்னு திருப்பி அனுப்புது. அந்தக் கண்ணு ஆளைப் பாத்தாதான் வழி விடும். மெயின் சுவிட்சை இறக்குங்க."

சுவிட்சுப் பலகையை மறைத்து மிஷின்கள் நிற்கின்றன. மேஸ்திரி கூடத்தை மாற்றிய ஒவ்வொரு தடவையும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. எது எங்கே நின்றது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இப்படி ஒரு அமைப்பு வந்ததே இல்லை. மின்வாரியத்தார் வெளியே லைனை வெட்டிவிட்டார்கள். ஆனாலும் மேஸ்திரி பேட்டரியில் ஓடுகிறது.

"அப்போ அந்தப் பொட்டை அழிங்கய்யா. நான் கிளம்பிட்டேன், வந்துட்டே இருக்கேன்."

மறுநாள் காலை 6.40

ஏணியும் கிரேனும் மிஷின்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டன. ராத்திரி முழுக்க வேறு வழி தேடிப் பார்த்தேன். விடிந்ததும் ஒட்டடைக் கம்பு இரண்டைச் சேர்த்துக் கட்டி, முனையில் ஈரத்துணி சுற்றி, எட்டித் துடைத்தேன். காய்ந்த சந்தனம் ஊறிக் குங்குமத்தோடு குழைந்து கண்ணாடி முழுக்கப் பரவிவிட்டது.

"அழிஞ்சிச்சா பெரியப்பா?"

"அழியுது."

"பொய் சொல்லாதீய. கண்ணு பூராவும் செவந்து கெடக்கது இங்கனயே தெரியுது."

ஒலிபெருக்கி: "காலி இடம் அதிகரித்துள்ளது. அமைப்பு மறுபடி கணக்கிடப்படுகிறது."

காலை 7.15

எல்லாம் நகர்கின்றன. வெளியே தீயணைப்பு ஆட்கள் ஷட்டரைத் தட்டுகிறார்கள். ஷட்டருக்கு உள்பக்கம் உலையைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. வெட்டினால் உலை வெடிக்கும் என்று நின்றுவிட்டார்கள். குழியை ஒரு மிஷின் மூடிவிட்டதால், செலின் இடுக்கில் பக்கவாட்டில் திரும்பி நிற்கிறாளாம்.

இன்னொரு தடவை துணியில் எண்ணெய் விட்டுத் துடைத்தேன். ஓரத்தில் கொஞ்சம் தெளிந்தது. உடனே ஒரு பிரஸ் வந்து கம்பை ஒடித்துவிட்டது.

காலை 7.30

கண்ணில் தெளிந்த ஓரம் வழியாகத் தெரிவது, நான் பேசுகிற இந்தச் சுவர்ப் பெட்டி இருக்கும் இடம். இங்கே வந்து நின்றதும் மேஸ்திரி என்னைப் பார்த்துவிட்டது. "ஆள் ஒருவர். வழி விடப்படுகிறது." என்னைச் சுற்றி நின்றவை பின்வாங்கின. பிழைத்தோம் என்று நினைத்தேன்.

வாக்கியில் ஒரு கத்தல். "எங்கன நிக்கீய? நவுருங்க! நவுருங்க பெரியப்பா!"

எனக்கு விட்ட இடத்தை அவளிடமிருந்து பிடுங்கியிருக்கிறது. தள்ளி நின்று பார்த்தேன். மிஷின்கள் என்னை நோக்கி வந்தன. அவள், "இப்ப மூச்சு விட முடியுது" என்றாள்.

அப்புறம் கேட்டாள்: "நீங்க நவுந்தா உங்களுக்கு ஒண்ணும் இல்லல்லா?"

"எனக்கென்ன, இங்கன விசாலமா கெடக்கு," என்றேன்.

காலை 7.42

சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தப் பெட்டியருகே நின்று நான் பேசுகிற நேரமெல்லாம் அவளுக்கு இறுகுகிறது. கூரையைப் பிரித்து வாருங்கள். கண்ணை எண்ணெயால் துடையுங்கள், தண்ணீர் கூடாது. துடைத்து முடிக்கும்வரை யாரும் அந்தக் கண்ணில் படுகிற இடத்தில் நிற்கக் கூடாது. செலின் நடுவில், குழிக்குக் கிழக்கே, உயிரோடு இருக்கிறாள். பேர் செலின். அவள் கூப்பிடுகிறாள், நான் நகர

காலை 7.43. தானியங்கிப் பதிவு

தளத்தில் ஆள் இல்லை. விடப்பட்ட வழி திரும்பப் பெறப்பட்டது.