கண்ணாடி உடைத்தவரை வீடு சேர்த்தது

நவம்பர் 6, திங்கள்

ஈரப்பனி. என் மரக்கறிக் கடையின் உடைந்த ஜன்னலுக்கு இன்னும் அட்டைதான். கண்ணாடிக்காரர் நாளை வருவாராம். குளிரில் கறிவேப்பிலை கறுத்துவிட்டது, எறிந்தேன்.

பொலிஸ் போன். உடைத்தவர் பெயர் நீல்ஸ். முப்பது வயது, ரயிலின் கடைசி ஸ்டேஷன் வெஸ்ட்லியில் தனியாக இருப்பவர். சாமர், நோர்வே வடக்கின் பூர்வீகக் குடி. குடிவெறியில் செய்தது, ஒப்புக்கொண்டுவிட்டார். நான் சம்மதித்தால் வழக்கு கோட்டுக்குப் போகாதாம். மத்தியஸ்த சபையில் அவருடைய ஆட்களும் இருந்து பேசி முடிப்பார்களாம்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

நவம்பர் 7, செவ்வாய்

கண்ணாடி போட்டாயிற்று. நித்திரை இல்லை. அந்த நாளில் ஊரில் என் சின்னண்ணாவைக் கூட்டிப்போன இயக்கக்காரரும் வாசல் படலையில் நின்று அம்மாவிடம் இதைத்தான் சொன்னார்கள். "கோடு கச்சேரி ஒண்டும் வேண்டாம் அம்மா. எங்கட ஆக்களே விசாரிச்சுப்போட்டு விடுவினம்." விடிய, சந்தி லைற் போஸ்ற்றில் அவர் உடல், கைகள் முதுகுக்குப் பின்னால் கட்டியபடி. கழுத்தில் அட்டை. சைக்கிள் திருடினாராம்.

என் மனுசன் சொல்கிறார், "இது நோர்வேயப்பா. கோட்டுக்குப் போனால் அந்தாளுக்குக் குற்றம் பதியும். வேலையும் போகும்."

"கோட்டில நீதவான் இருப்பார். ஒருத்தரும் அடிக்கேலாது."

ஜன்னல் அட்டையைக் குப்பையில் போட்டேன்.

நவம்பர் 11, சனி

வெண்டிக்காய் முழுக்க முற்றல். மத்தியானம் கடைக்கு வயதான ஒரு பெண். நீல்ஸின் சின்னம்மாவாம், இதற்காகவே வடக்கிலிருந்து வந்தவர். புதுக் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார்.

"கோட்டில அவன் வாய் திறக்கமாட்டான். எங்கட ஆக்கள் இருந்தால் கதைப்பான்."

"உங்கட ஆக்கள் அடிப்பினமோ?"

சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். "நான் அவனுக்குப் பக்கத்திலதான் இருப்பன்."

பொலிசுக்குப் போன் எடுத்துச் சம்மதம் சொன்னேன். பயம் போகவில்லை.

நவம்பர் 16, வியாழன்

மழை. சபை அறையில் வட்டமாகக் கதிரைகள், ஆறிய கோப்பி. நீல்ஸ் தலை குனிந்தபடி, இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால். சந்தியில் சின்னண்ணாவைக் கட்டியிருந்த அதே மாதிரி. சின்னம்மா ஏதோ தங்கள் மொழியில் சொன்னார். கைகள் மடிக்கு வந்தன.

நீல்ஸ் கதைத்தார். அன்று ரயிலில் யாரோ அவருடைய சாமர் உடுப்பைப் பார்த்துச் சிரித்தார்களாம். இறங்கி, குடித்து, முதலில் கண்ட கண்ணாடிக்கு எறிந்தாராம். மன்னிப்புக் கேட்டார். சில சனிக்கிழமைகள் கடையில் பெட்டி இறக்குவார். எல்லோரும் கையெழுத்து.

"வேறு ஏதும் வேண்டுமா?" மத்தியஸ்தர்.

"இவர் வீட்டுக்குப் போய்ச் சேருறதை நான் பார்க்க வேணும்."

ஒருவருக்கும் விளங்கவில்லை. சின்னம்மா மட்டும் எழும்பி என் குளிர்ச்சட்டையை எடுத்துத் தந்தார்.

அவர்களோடு ரயில் ஏறினேன். என் ஸ்டேஷன் குரோருட் வந்தது. நான் இறங்கவில்லை. வெஸ்ட்லியில் இறங்கி அவர்களோடு நீல்ஸின் வீட்டுவாசல்வரை நடந்தேன். இருவரும் உள்ளே போனார்கள். அவர் கதவைப் பூட்டும் சத்தம் கேட்கும்வரை படியில் நின்றேன்.