மூன்றாவது வரி

மாப்பிள்ளை,

இன்று காலை ஆம்லெட்டுக்கு எடுத்த முட்டை, தட்டுவதற்கு முன்பே விரல் பட்டு உடைந்துவிட்டது. ஓடு காகிதம்போல் இருந்தது. உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

எழுபத்தெட்டில் எருமப்பட்டிப் பக்கம் நீ ஐந்நூறு கோழி வைத்தாய். கணக்கில் பட்டம் வாங்கி வேலையில்லாமல் திரிந்த என்னிடம் தீவனக் கலவையை ஒப்படைத்தாய். எடை, புரதம், முட்டை ஓட்டுக்கும் எலும்புக்குமான சுண்ணாம்புச் சத்து என்று மூன்று நிபந்தனை, மூன்று சமன்பாடு. தவிடு, மீன்தூள், கிளிஞ்சல் என்று சரக்கு ஐந்து வகை இருந்த மாதம் விடைகளுக்குக் கணக்கே இல்லை. "எப்படிக் கலந்தாலும் சரீன்னா உனக்கு என்னத்துக்கு மச்சான் படிப்பு?" என்று சிரித்தாய்.

பிறகு அடைமழை. சரக்கு லாரி வரவில்லை. மக்காச்சோளமும் கடலைப் புண்ணாக்கும்தான் மிச்சம். "ஒத்து வல்லீன்னா சொல்லிப்போடு மச்சான். மோகனூர் ஆத்துல சுண்ணாம்புக்குக் கிளிஞ்சலாச்சும் அள்ளிட்டு வாரேன்" என்றாய்.

எழுபத்தொரு கிலோ சோளம், இருபத்தொன்பது கிலோ புண்ணாக்கு. எடைக்கும் புரதத்துக்கும் பொருந்தியது. சுண்ணாம்புச் சத்துக்கான மூன்றாவது வரியில் போட்டேன். பொருந்தவில்லை. திரும்பத் திரும்பப் போட்டேன். அழித்து அழித்துத் தாள் நைந்தது. 'தீர்வு இல்லை' என்று பரீட்சையில் எழுதி முழு மார்க் வாங்கியவன்தான் நான். ஆனால் என் கணக்குத் தப்பாது என்று நீ ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தாய். உன்னிடம் அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. அந்த வரியை மட்டும் விட்டுவிட்டு வேறு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

"மூணும் ஒத்து வந்துச்சா?"

"வந்துச்சு."

மூன்றே வாரத்தில் கோழிகள் கால் மடங்கி உட்கார்ந்தன. நீ தண்ணீரை மாற்றினாய், மருந்து கொடுத்தாய், கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடித்தாய். என் தாளை மட்டும் சந்தேகப்படவில்லை. செத்ததைச் சாக்கில் அள்ளும்போதெல்லாம் கேட்டுவிடுவாயோ என்று உன் கண்ணில் படாமல் ஒதுங்கினேன். பாதிக்கு மேல் போயின. "மழ ஒத்துக்கல மச்சான்" என்று என்னைத்தான் தேற்றினாய்.

அப்புறம் நான் வாத்தியாரானேன். 'தீர்வு இல்லை' என்று எழுதத் தயங்கும் பிள்ளைகளைப் பார்த்தால் பக்கத்தில் உட்கார்ந்து எழுதவைப்பேன். நீ கண்மூடி ஒரு வருஷம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் உன் கையைப் பிடித்திருந்த அன்றுகூட வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

மூன்றும் ஒத்து வரவில்லை, மாப்பிள்ளை. தெரிந்துதான் கொடுத்தேன்.