புளித்த மண்ணில் முளைத்த கீரை

3 மார்ச் 2024
வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். என் கீரை கரும்பச்சையாக வளர்வது கைராசியால் இல்லை. உர ஸ்டோர் வாசலில் சிந்திக் கிடக்கும் வெள்ளை உரத்தைக் கூட்டி அள்ளி வந்து போடுகிறேன். பக்கத்து வீட்டு மங்கம்மா மட்டும் கைராசி என்று நம்பி, என் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நானும் நீட்டிக்கொண்டு நின்றேன்.

6 மார்ச்
எஸ்டேட்டில் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை மரங்களின் மண்ணைச் சோதிக்க, ராசா ஊர் ஆய்வுக்கூடத்திலிருந்து சிந்துஜா என்ற பெண் வந்தாள். “என் மண்ணையும் எடுத்துட்டுப் போம்மா, பரிசு கிரிசு குடுத்தா சொல்லு” என்றேன். பெருமைதான், வேறென்ன. சிரித்துக்கொண்டே எடுத்துப் போனாள்.

19 மார்ச்
சிந்துஜா திரும்பி வந்தாள். சிரிக்கவில்லை.

“ஆண்ட்டி, இங்க முன்னாடி என்ன இருந்துச்சு?”

“லோரி கொட்டகை. பழைய பேட்டரியெல்லாம் இங்கதான் உடைப்பாங்க.”

“அதான். மண்ணுல ஈயம் இருக்கு. அது பாட்டுக்குக் கிடந்திருக்கும். உங்க உரம் மண்ணைப் புளிக்க வச்சிருச்சு. புளிச்ச மண்ணுல ஈயம் கரைஞ்சு வேர் வழியா ஏறும்.”

பித்தளைச் செம்பில் புளி கரைத்து வைத்தால் களிம்பு இறங்குமே, அது போலவா என்று கேட்டேன்.

“அதேதான் ஆண்ட்டி. கீரையை யார் சாப்பிடறா?”

மருமகள் ரதிக்கு ஆறு மாதம். ரத்தம் ஊறட்டும் என்று தினமும் ஊட்டாத குறையாக...

20 மார்ச்
சிரம்பான் ஆஸ்பத்திரியில் ரதிக்கு ரத்தம் எடுத்தார்கள். முடிவு வர ஒரு வாரமாம். மங்கம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “அப்ப கைராசி இல்லியா?” என்றாள். ஈயத்தைப் பற்றி அப்புறம்தான் கேட்டாள்.

23 மார்ச்
“நீங்க கிண்டல் பண்ணாம உட்கார்ந்திருக்கறதுதான் அத்தை, எனக்குப் பயமா இருக்கு” என்கிறாள் ரதி. யார் மேல பழி போட? நான்தானே அள்ளிப் போட்டேன்.

25 மார்ச்
கீரையைப் பிடுங்கி மூட்டை கட்டினேன். சிந்துஜா சுண்ணாம்புத் தூள் கொடுத்தாள். புளிப்பு அடங்கினால் ஈயம் நகராதாம் – ஆனால் போகவும் போகாதாம். அங்கே இனி பூச்செடி மட்டும்தான். மீதித் தூளைக் காலி மைலோ பான டின்னில் போட்டுச் சாமி மேடையில் வைத்தேன். வீட்டில் ஒழுகாத இடம் அது ஒன்றுதான்.

28 மார்ச்
ரதியின் ரத்தத்தில் ஈயம் கொஞ்சம் இருக்கிறது. பயப்படுகிற அளவு இல்லையாம், அடுத்த மாதம் மறுபடி பார்ப்பார்களாம். “பேரப்பிள்ளைக்கு இரும்புச் சத்து ஏத்தத்தான் பார்த்தேன்மா, ஈயமாப் போச்சு” என்றேன். ரதி சிரித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

என் வீட்டுக்காரர் சன்னாசி இன்று சாமி கும்பிட்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டார். மைலோ டின்னிலிருந்து. எரிகிறதாம், சாமி இறங்கியிருக்கிறாராம். முகம் கழுவச் சொன்னேன். மாட்டேன் என்கிறார்.