முழங்கையில் இருந்த ஓட்டை

அன்பு மகள் ஸ்வாவாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணன் ஹியால்டியும் கடவுள் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம், கொட்டகையில் ஆடுகளுக்கும் ஒரு குறையும் இல்லை, சிலியில் நீயும் மாப்பிள்ளையும் அதேபோல நன்றாக இருக்க வேண்டும். அங்கே வெயில் கொளுத்துகிறது என்றாய், தலையில் எதையாவது போட்டுக்கொண்டு வெளியே போ. இங்கே பனி ஜன்னல் பாதிக்கு நிற்கிறது. ஹியால்டி ஊர்க் குளிர்கால விருந்தான தோரி விருந்தில் புளித்த சுறாவை அளவில்லாமல் தின்றுவிட்டு வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தான், இப்போது தேவலை.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கூப்பிட்டு, "என்னம்மா, போய்ப் பாத்தியா, எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாய். நான் "நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் பேச்சைப் பனிக்கும் சாலைக்கும் திருப்பிவிட்டேன். நீயும் நம்பிவிட்டாய். வாயால் சொல்லத் தைரியம் இல்லாததால்தான் எழுதுகிறேன். கலைக்கூடத்தில் இருந்த உன் படைப்பை நான் கெடுத்துவிட்டேன் ஸ்வாவா. கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை, ஆனால் கெடுத்தது கெடுத்ததுதான்.

எங்கள் மாதர் சங்கம் குளிர்காலத்தில் பஸ் பிடித்து டவுனுக்குப் போவது உனக்குத் தெரியும். இந்த வருஷம் இரண்டு மியூசியமும் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவளே நான்தான். பஸ் ஓட்டுகிறவர் வரைக்கும் எல்லாரிடமும் போய், எம் பொண்ணு செஞ்சது கலைக்கூடத்துல இருக்கு, எம் பொண்ணு செஞ்சது இருக்கு என்று தம்பட்டம் அடித்தேன். முதலில் நாட்டுப்புற மியூசியத்துக்குப் போனோம். கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் காலத்து மீன்பிடிக் கையுறைகள், உள்ளங்கை தேய்ந்தால் திருப்பிப் போட்டுக்கொள்ள இரண்டு கட்டைவிரல் வைத்துப் பின்னியவை. பக்கத்தில் ஒரு காலுறை, எவளோ ஒருத்தி மீனெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் குதிகால் ஓட்டையை இழையோட்டி அடைத்திருக்கிறாள், பழைய பின்னல் எது புதிய இழை எது என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. எனக்கு வாய் சும்மா இருக்குமா? ஒரு வீட்டுப் பெண்ணின் லட்சணம் ஆம்பிளைகளின் முழங்கையிலும் குதிகாலிலும் தெரிந்துவிடும் என்று பெரிய மேதாவிபோலப் பேசினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். பிறகு பஸ்ஸில் கருவாடும் வெண்ணெயும் தின்றுவிட்டு உன் படைப்பைப் பார்க்கப் போனோம்.

வெள்ளை அறை. அதில் வேறு ஒன்றுமே இல்லை. உன் அப்பாவின் சாம்பல் நிற ஸ்வெட்டர் மட்டும் கூரையிலிருந்து கயிற்றில் தாழ்வாகத் தொங்குகிறது, முழங்கையில் அந்த ஓட்டை, அதன்மேல் ஒரு விளக்கு வேறு. அப்பா போனபோது ஞாபகத்துக்கு என்று நீ கேட்டு வாங்கிப்போனதை மறுபடி அங்கேதான் பார்க்கிறேன். இவர்களை எப்படியாவது வெளியே தள்ளிக்கொண்டு போய்விடலாம் என்று பார்த்தேன், அதற்குள் கெய்ர்லோய்க் கிட்டே போய்விட்டாள். நம் பக்கத்துப் பண்ணைக்காரி, அவள் கண்ணிலிருந்து எது தப்பும்? "ஏண்டி இங்வெல்டூர், இது உம் புருஷனோடதுதானே? உங்க வீட்டு ஊசி என்ன துருப்பிடிச்சுப் போச்சா?" என்றாள். இன்னொருத்தி, "பாவம் தோர்கில்ஸ், இதப் போட்டுக்கிட்டா அந்த மனுஷன் கடலுக்குப் போனாரு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன், ஆனால் காது மடல் நெருப்பாகிவிட்டது. ஐஸ்லாந்து முழுக்க வந்து பார்க்குமே என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், உன்மேல் அவ்வளவு கோபம் வந்தது. அந்த ஸ்வெட்டரை எத்தனை தடவை தைத்துத் தருகிறேன் என்று கேட்டிருப்பேன், "இருக்கட்டும் விடு, அப்புறம் பாத்துக்கலாம்" என்றே உன் அப்பா காலத்தை ஓட்டினார். சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். இதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நான் நின்று விளக்கிக்கொண்டிருக்க முடியுமா?

பனியில் மலைப்பாதையை அடைத்துவிட்டார்கள், அதனால் அன்றைக்கு டவுனிலேயே தங்கினோம். காலையில் மற்றவர்கள் நீச்சல்குளத்து வெந்நீரில் ஊறப் போனார்கள். நான் எனக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய் அதே சாம்பல் நிறத்தில் கம்பளி நூல் வாங்கினேன், ஊசி எப்போதும் என் பையில்தான் இருக்கும். கலைக்கூடத்தில் அப்போது யாரும் இல்லை. அங்கே பார்த்துக்கொள்ளும் பெண் எய்தீஸ், நான் உன் அம்மா என்று தெரிந்து எனக்கும் சேர்த்துக் காபி போட உள்ளே போனதும் கீழே உட்கார்ந்து அந்த ஓட்டையை அடைக்கத் தொடங்கினேன். நன்றாகவே வந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். கடைசி வரிசையில் இருக்கும்போது எய்தீஸ் இரண்டு கோப்பையோடு வந்து அப்படியே நின்றுவிட்டாள். "அய்யோ அம்மா, என்ன பண்ணிட்டீங்க!" என்றாள். நான், "நேத்தே செய்ய வேண்டியதம்மா, நாலு பேரு பாக்குற எடத்துல இப்பிடியா தொங்கவிடுவாங்க" என்றேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள்: "உங்க பொண்ணு போன்ல சொன்னாங்கம்மா. சின்னப் புள்ளையில அப்பாகூடத் துறைமுகத்துக்குப் போவாங்களாம். அவருக்கு ரெண்டு கையிலயும் தூண்டில் கயிறு சுத்தி வச்ச தொட்டி இருக்குமாம். காத்து தள்ளிடக் கூடாதேன்னு இவங்க கையுறையக் கழட்டிட்டு இந்த ஓட்டைக்குள்ள கைய விட்டு அவரு கையப் புடிச்சுக்கிட்டே நடப்பாங்களாம். அவங்க அப்ப இருந்த உயரத்துக்குத்தான் இதத் தாழ்வா மாட்டச் சொன்னாங்க. இங்க வர்ற புள்ளைங்ககூட கைய விட்டுப் பாக்கலாம்னு சொல்லியிருந்தாங்க." அவள் கொண்டுவந்த காபியை என்னால் தொட முடியவில்லை.

எனக்கு எதுவுமே தெரியாது ஸ்வாவா. நீங்கள் இருவரும் துறைமுகத்துக்குப் போனது தெரியும், நீ எப்போதும் ஒற்றைக் கையுறையோடு திரும்பி வருவாய், மற்றதை எங்கே தொலைத்தாய் என்று உன்னைத் திட்டுவேன், இரவெல்லாம் இன்னொன்று பின்னுவேன். அந்த மனுஷன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார், ஒரு வார்த்தை சொன்னதில்லை. உனக்காகத்தான் அந்த ஓட்டையைத் தைக்க விடாமல் வைத்திருந்தார் என்று இத்தனை வருஷம் கழித்து ஒரு அந்நியப் பெண் சொல்லி நான் தெரிந்துகொள்கிறேன். கெய்ர்லோய்க் என்ன நினைப்பாளோ என்பதைத் தவிர அதில் வேறு எதையும் நான் பார்க்கவில்லை. இதை நினைத்தால் கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

கலைக்கூடத்திலிருந்து போன் வந்தது. அதை அங்கேயே நிரந்தரமாக வைத்துக்கொள்வதாக இருந்தார்களாம், நீ சொல்லவே இல்லையே. இப்போது என்ன செய்வது என்பதை நீதான் சொல்ல வேண்டுமாம், உனக்கு அவர்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று அவகாசம் கேட்டு வாங்கியிருக்கிறேன். நான் போட்ட இழையைப் பிரிப்பதற்குத் தலைநகரிலிருந்து ஆள் வருவார் என்றார்கள், வேண்டாம் என்றேன். எய்தீஸ் வந்தபோது நான் நூலை இன்னும் அறுத்திருக்கவில்லை, முடிச்சும் போடவில்லை, ஊசி அதிலேயே தொங்குகிறது. இழுத்தால் முழுதும் வந்துவிடும். நானே இழுத்துவிடலாம் என்று பார்த்தேன், அதைத் தொடுகிற யோக்கியதை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

என்னைத் திட்ட வேண்டுமானால் நன்றாகத் திட்டி எழுது, ஆனால் சாப்பிடாமல் இருந்துவிடாதே, மாப்பிள்ளையிடம் மூஞ்சியைக் காட்டாதே, அவர் பாவம். கடவுள் உன்னையும் உன் கைவேலையையும் காப்பாற்றட்டும். ஆடுகள் குட்டி போடுவதற்கு முன்னால் டிக்கெட் கிடைத்தால் வா, அந்த ஊசியை நீயே இழு. நான் பக்கத்தில் நிற்கிறேன். நீ கையை விட்டுப் பார்த்த பிறகு, உனக்குச் சம்மதம் என்றால், ஒரே ஒரு தடவை நானும் விட்டுப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
இங்வெல்டூர்