பதினாறு பேரின் பாராளுமன்றம்

அன்பு மகன் லக்ஷனுக்கு,

லின்ஃபீல்டிலிருந்து அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நீ துவாலுவில் சுகமாக இருப்பாய், இங்கே நாங்களும் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நீ போன் எடுக்கிறாய் இல்லை, அதனால் தங்கை ரேச்சலின் ஈமெயிலில் எழுதுகிறேன். அப்பா இன்னும் ஆஸ்பத்திரியில்தான், இதயத்தில் மூன்று அடைப்பு, உடனே ஒப்பரேஷன் செய்யவேண்டும் என்று டாக்டர் கெஞ்சாத குறை, இவரோ மகன் வராமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று முரண்டு பிடிக்கிறார். ரேச்சல் அழுதும் பார்த்துவிட்டாள், பாதர் வந்து எண்ணெய் பூசிச் செபித்து நோயில்பூசுதல் கொடுத்துச் சொல்லியும் பார்த்துவிட்டார். நீ பாராளுமன்ற ஒபிஸில் வேலை, வர முடியாது என்று சொன்னதை அப்படியே நம்பிவிட்டார். ஊசி போட வருகிற நர்ஸைக்கூட விடுவதில்லை, எட்டுத் தீவு, தீவுக்கு ரெண்டு மெம்பர், மொத்தம் பதினாறு பேர்தான், கட்சியே இல்லை, ரெண்டு பேர் பக்கம் மாறினால் அரசாங்கம் கவிழ்ந்திடும், வாக்கெடுப்பு முடியுமட்டும் என்ர மகன் அசையேலாது என்று பாடம் நடத்துகிறார். இங்கே நம் பக்கத்து ஊர் பிளாக்ஹவுஸ் பேயில் இருக்கிற சனம்கூட இல்லாத நாடு, அதை நீ தாங்கிப் பிடித்திருக்கிறாய் என்று அவருக்கு அவ்வளவு பெருமை.

எனக்குப் பொறுக்கவில்லை. நம் ஊர் மன்னாரில் எதற்கும் எம்.பி.யிடம் போய் ஒரு துண்டுக் கடிதம் எழுதி வாங்குவோமே, அந்தப் பழக்கத்தில் உனக்கு லீவு கேட்டு அங்கே ஒரு மெம்பருக்கு நேற்று போன் எடுத்தேன். செக்ரட்டரி யாராவது எடுப்பார்கள் என்று நினைத்தால் அவரே எடுத்தார். தெரிந்த இங்கிலீசில் அழுதழுது சொன்னேன், மனுஷன் பதறிப்போனார். பாராளுமன்றம் இப்போது கூடவே இல்லையாம், வாக்கெடுப்பு ஒன்றும் இல்லையாம், நீ லீவே கேட்கவில்லையாம், கேட்டால் இன்றைக்கே அனுப்புவோம் என்றார். பெரிய நாடென்றால் நீ அரசாங்கத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கலாம் ராசா, அங்கே அதற்கு இடமில்லை. நத்தார் பண்டிகைக்கு அப்பா எல்லார் முன்னாலும் உன்னை ஏசியது இன்னும் ஆறவில்லை என்று தெரியும், பிழை அவருடையதுதான். அதற்காக உன் பொய்யை நம்பிக்கொண்டே அவர் சாகவேண்டுமா? வெள்ளிக்கிழமைக்கு மேல் தள்ளமுடியாது என்கிறார் டாக்டர். எனக்குப் பயமாக இருக்கிறது மகன், உன் காலில் விழச் சொன்னாலும் விழுவேன்.

அடுத்த பிளேனைப் பிடித்து ஃபிஜி வழியாக வந்துவிடு, இங்கே குளிர், ஜாக்கெட்டை மறக்காதே. மடு மாதா உனக்குத் துணையாக வருவாள். அப்பாவிடம் நான் எதையும் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. வாக்கெடுப்பு முடிந்தது, அரசாங்கம் தப்பிவிட்டது என்று அவர் கட்டிலருகே நின்று சொல்லு, கையெழுத்துப் போட்டுவிடுவார்.

உன் அம்மா
இமெல்டா நிக்கலஸ்