பூ ஒன்று, இலை வேறு

ஐப்பசி, புதன் இரவு.

காமாலையில் கிடக்கும் கொழுந்தனாருக்கு அரைத்துக் கொடுக்க, மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று வாய்க்கால் கரையிலிருந்து தழை பறித்து வந்தாள் அவர் மனைவி, என் ஓரகத்தி பிரேமா. அம்மியில் வைக்கும்போதே தடுத்தேன்.

"இன்னாக்கா? பூ அதேதான?"

"பூ அதே மாதிரிதான்டி இருக்கும். எலைய பாரு, மூணா பிளந்திருக்குது. இது அழகுக்கு வளக்குற வேற ஜாதி, உள்ளுக்குக் குடுக்கக் கூடாது. நம்மளுது பிளக்காது, நீட்டா இருக்கும்."

அவள் நம்பவில்லை. பாகூர் ஏரிக்கரைக்கு அழைத்துப் போய் அசல் செடியைக் காட்டினேன். இரண்டு இலைகளையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"நேத்தே ஒரு டம்ளர் குடுத்துட்டேன்க்கா."

உடனே ஆட்டோ பிடித்து, வீட்டிலிருந்து அவரை ஏற்றிக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரியில் தழையைக் காட்டினோம். அவரை வார்டில் படுக்க வைத்திருக்கிறார்கள். பிரேமா துணைக்கு இருக்கிறாள்.

செடியைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் எழுந்துவிடுவார் என்றும் அதே குரலில்தான் அவளிடம் சொல்லிவிட்டு வந்தேன்.